இந்தியாவில் 5, அமெரிக்காவில் 7, ஜெர்மனியில் 8... வக்கீல் ஆக எத்தனை வருஷம் ஆகும்?

"பிளஸ் டூ முடிச்சுட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்கும் சொந்தக்காரரிடம், "லா படிக்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி ரெடியாக வரும். "அது எத்தனை வருஷம்?" அஞ்சு என்றதும், "அஞ்சா? இன்ஜினீயரிங்கே நாலுதானே!" என்று ஒரு பெருமூச்சு.

ஐந்து என்பது சரியான பதில்தான். ஆனால் அது பட்டம் கைக்கு வர ஆகும் காலம். கறுப்பு கோட்டு போட்டு கோர்ட்டில் நிற்க ஆகும் காலம் வேறு. சொந்தமாக கேஸ் பிடித்து, அந்த ஃபீஸில் வீட்டு வாடகை கட்டும் நிலைமைக்கு வர ஆகும் காலம் இன்னும் வேறு. இந்த மூன்றையும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கணக்கு போடுகிறது. சில நாடுகளில் படிப்பு நீளம். சில நாடுகளில் தேர்வு கொடூரம். சில நாடுகளில் படிப்பு முடிந்த பிறகுதான் உண்மையான காத்திருப்பே ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு நாடாகப் பார்ப்போம். போகும்போதே இன்னொரு கேள்வியையும் கையில் வைத்துக்கொள்வோம்: அத்தனை வருஷமும் அந்தப் பையனுக்கோ பொண்ணுக்கோ சாப்பாட்டுச் செலவு யார் பார்க்கிறாங்க?

முதல்ல நம்ம ஊர் கணக்கு

இந்தியாவில் வக்கீல் ஆக இரண்டு ரூட். பிளஸ் டூ முடித்த கையோடு பி.ஏ., எல்.எல்.பி., பி.காம்., எல்.எல்.பி., பி.பி.ஏ., எல்.எல்.பி. மாதிரியான 5 வருட ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம். இல்லையென்றால் ஏதாவது ஒரு டிகிரியை 3 வருஷம் முடித்துவிட்டு, அதன் பிறகு 3 வருட எல்.எல்.பி. படிக்கலாம். முதல் ரூட்டில் 5, இரண்டாவதில் 6. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு லா பக்கம் வருபவர்களுக்கு 7 ஆகிவிடும்.

பட்டம் வாங்கியதும் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதைத்தான் 'என்ரோல்மென்ட்' என்கிறோம். 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதன் பிறகு 2 வருடங்களுக்குள் அகில இந்திய பார் தேர்வு, அதாவது ஏ.ஐ.பி.இ., எழுதி பாஸ் ஆக வேண்டும். 100 கேள்விகள், எல்லாமே சரியான விடையை டிக் செய்யும் வகை. பொதுப்பிரிவுக்கு 45 சதவிகிதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவிகிதம் எடுத்தால் போதும். சட்டப் புத்தகத்தைக்கூட ஹாலுக்குள் கொண்டுபோகலாம். குறிப்பு எழுதாத வெறும் சட்டப் பிரதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவுக் கட்டணம் பற்றி ஒரு நல்ல செய்தி. முன்பு பல மாநில பார் கவுன்சில்கள் பல பெயர்களில் ஆயிரக்கணக்கில் வசூலித்துக்கொண்டிருந்தன. சட்டத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்.

ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் 22, 23 வயதில் ஒருவர் இந்தியாவின் எந்தக் கோர்ட்டிலும் வாதாட உரிமை உள்ள வக்கீல். உலக அளவில் பார்த்தால் இது வேகமான ரூட். அந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

இங்கிலாந்து: சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்த கதை

1888 செப்டம்பரில், 19 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் முன்னால், பம்பாயில் கப்பல் ஏறினார் ஓர் இளைஞர். 1891 ஜூனில் பாரிஸ்டராகி ஊருக்குக் கிளம்பிவிட்டார். மொத்தம் 3 வருஷம்கூட இல்லை. அவர்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அன்றைக்கு லண்டனில் பாரிஸ்டர் ஆக இரண்டு விஷயம் தேவை. ஒன்று, தேர்வுகள். இன்னொன்று, 'இன்' என்று அழைக்கப்படும் வழக்கறிஞர் சங்கத்தில் உறுப்பினராகி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் அங்கே விருந்துகளில் கலந்துகொள்வது. காந்தி சேர்ந்தது இன்னர் டெம்பிள். அங்கே வைத்த இறைச்சியும் ஒயினும் அவருக்கு ஆகாது என்பதால் அந்த விருந்துகள் பாதிக்கு மேல் பட்டினிதான்.

கதையின் அடுத்த பகுதிதான் நமக்கு முக்கியம். பாரிஸ்டர் பட்டத்தோடு பம்பாய் வந்தவர், முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். வாய் எழவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாங்கிய ஃபீஸையும் திருப்பிக் கொடுத்தார். இதை அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். தேர்வு பாஸ் ஆவதும் கோர்ட்டில் பேசத் தெரிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

அதே லண்டனில் அம்பேத்கர் கதை வேறு மாதிரி. 1916-ல் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையின் காலம் முடிந்ததால், 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்து, பணம் சேர்த்து, 1920-ல் மறுபடி லண்டன் போய்த்தான் பாரிஸ்டர் படிப்பை முடித்தார். பாடம் அதே பாடம். ஊரும் அதே ஊர். பணம் தீர்ந்ததால் கூடுதலாகச் சில வருஷங்கள். வக்கீல் ஆக எத்தனை வருஷம் என்ற கேள்விக்குப் பின்னால் பர்ஸ் ஒளிந்திருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்தான்.

இன்றைய இங்கிலாந்தில் வக்கீல் தொழில் இரண்டு வகை. கட்சிக்காரரோடு நேரடியாகப் பேசி, ஆவணங்கள் தயாரித்து, ஆலோசனை சொல்பவர் சொலிசிட்டர். முக்கியமாகக் கோர்ட்டில் நின்று வாதாடுபவர் பாரிஸ்டர்.

சொலிசிட்டர் ஆவதற்கான வழி 2021 செப்டம்பரில் மாறியது. எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு வந்தது. ஏதாவது ஒரு பாடத்தில் டிகிரி வேண்டும், அது சட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதல் கட்டத்தில் 360 அப்ஜெக்டிவ் கேள்விகள். இரண்டாம் கட்டத்தில் கட்சிக்காரரை விசாரிப்பது, கடிதம் எழுதுவது, வாதாடுவது என்று செய்துகாட்ட வேண்டும். இதோடு 2 வருட வேலை அனுபவம். அதை அதிகபட்சம் 4 இடங்களில் பிரித்துச் செய்யலாம். ஆக 3 வருட டிகிரியிலிருந்து கணக்கு போட்டால் 5 முதல் 6 வருஷம்.

பாரிஸ்டர் என்றால் சட்ட டிகிரி 3 வருஷம், பார் கோர்ஸ் ஏறத்தாழ 1 வருஷம், ஒரு சீனியரின் கீழ் 'பியூப்பிலேஜ்' பயிற்சி 1 வருஷம். கணக்கில் 5தான். ஆனால் பார் கோர்ஸ் முடித்தவர்களின் எண்ணிக்கையைவிட பியூப்பிலேஜ் இடங்கள் குறைவு. அந்த இடம் கிடைக்க வருஷக்கணக்கில் விண்ணப்பம் போடுபவர்கள் உண்டு. கிடைத்துவிட்டால் ஒரு நிம்மதி. குறைந்தபட்ச உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்ததும் ஒரு சட்ட நிறுவனத்தில் 'அப்ரென்டிஸ்' ஆகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே படித்து, 6 வருடங்களில் சொலிசிட்டர் ஆகலாம். கல்லூரிக் கட்டணம் கிடையாது. முதல் மாதத்திலிருந்தே சம்பளம்.

அமெரிக்கா: முதல்ல ஒரு டிகிரி, அப்புறம்தான் லா

அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் நேராக லா காலேஜுக்குள் போக முடியாது. முதலில் 4 வருஷம் ஏதாவது ஒரு டிகிரி. பிறகு எல்சாட் போன்ற நுழைவுத் தேர்வு. பிறகு 3 வருட ஜே.டி. படிப்பு. 7 வருஷம் முடிந்து, எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறோமோ அந்த மாநிலத்தின் பார் தேர்வு. பெரும்பாலான மாநிலங்களில் ஜூலையிலும் பிப்ரவரியிலும் இரண்டு நாள் நடக்கும். நியூயார்க்கில் பாஸ் ஆனவர் கலிஃபோர்னியா கோர்ட்டில் நினைத்த மாத்திரத்தில் போய் நிற்க முடியாது. அங்கே தனி அனுமதி, தனித் தேர்வு.

இதில் சுவாரஸ்யமான விதிவிலக்குகளும் இருக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள இரண்டு லா காலேஜ்களில் படித்தவர்கள் அந்த மாநிலத்தில் பார் தேர்வே எழுத வேண்டாம். பட்டம் வாங்கினால் போதும். இன்னொரு பக்கம் கலிஃபோர்னியா, விர்ஜீனியா, வெர்மான்ட், வாஷிங்டன் மாநிலங்களில் லா காலேஜ் வாசலையே மிதிக்காமல் வக்கீல் ஆகலாம். ஒரு வக்கீலிடமோ நீதிபதியிடமோ சில வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு பார் தேர்வு எழுத வேண்டும். ஆபிரகாம் லிங்கன் லா காலேஜ் போனதில்லை. புத்தகங்களை இரவல் வாங்கி தானாகப் படித்து 1836-ல் உரிமம் வாங்கினார். அந்தப் பழைய பழக்கத்தின் மிச்சம்தான் இது.

இந்த வழியை இன்ஸ்டா தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியவர் கிம் கர்தாஷியன். கலிஃபோர்னியாவின் இந்தத் திட்டம் 4 வருடங்களுக்கானது. வாரம் குறைந்தது 18 மணி நேரம் ஒரு வக்கீலின் மேற்பார்வையில் படிக்க வேண்டும். முதல் வருடப் பாடங்களில் ஒரு தேர்வு உண்டு. அதை 'பேபி பார்' என்பார்கள். கிம் அதை 2021-ல் நான்காவது முயற்சியில்தான் தாண்டினார். திட்டத்தை முடிக்க அவருக்கு ஆனது 6 வருஷம். 2025-ல் எழுதிய முக்கிய பார் தேர்வில் பாஸ் ஆகவில்லை என்று அவரே அறிவித்தார். வசதிக்கும் ஆள் பலத்துக்கும் குறைவில்லாதவருக்கே இந்த நிலைமை. 'காலேஜ் போகாமலே வக்கீல்' என்ற வாசகம் கேட்க ஷார்ட் கட் மாதிரி இருந்தாலும், அது சுற்று வழி.

சாதாரண அமெரிக்க மாணவருக்கோ பெரிய பிரச்னை கல்விக் கடன். 7 வருடக் கட்டணத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான் பெரும்பாலானோர் தொழிலுக்கு வருகிறார்கள். ஏழைகளுக்காக வாதாட வேண்டும் என்று ஆசைப்பட்டு லா சேர்ந்தவர், கடனை அடைக்க கார்ப்பரேட் நிறுவனத்துக்குப் போவது அங்கே அன்றாடக் கதை.

ஜெர்மனி: 18 மார்க்குக்கு 9 எடுத்தா கெத்து

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும்தான். உள்ளே நுழைவதும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் வெளியே வருவது? அதுதான் விஷயம்.

ஏறத்தாழ 5 வருஷம் படித்த பிறகு முதல் அரசுத் தேர்வு. ஒவ்வொரு பேப்பரும் 5 மணி நேரம். சில நாட்களுக்குள் அடுத்தடுத்து எழுதி முடிக்க வேண்டும். கூடவே வாய்மொழித் தேர்வு. மார்க் 18-க்கு. 4 எடுத்தால் பாஸ். 9 எடுத்தால் வீட்டில் கேக் வெட்டலாம். நீதிபதி வேலைக்கும் பெரிய சட்ட நிறுவனங்களுக்கும் அந்த 9-தான் வழக்கமான எல்லைக்கோடு. பொதுவாக இரண்டு முறைதான் வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் சட்டத் தொழில் கனவு அதோடு முடிந்தது. 5 வருஷம் படித்தவர் கையில் ஒரு பட்டம்கூட இல்லாமல் வெளியேறும் கொடுமை நீண்ட காலம் இருந்தது. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் இப்போது இடையிலேயே ஒரு இளநிலைப் பட்டம் கொடுக்க ஆரம்பித்திருக்கின்றன.

முதல் தேர்வைத் தாண்டியவருக்கு 'ரெஃபரெண்டாரியாட்' என்ற 2 வருடப் பயிற்சி. சிவில் கோர்ட், அரசு வழக்கறிஞர் அலுவலகம், அரசு நிர்வாகம், வக்கீல் அலுவலகம் என்று சுற்றிச் சுற்றி வேலை. கோர்ட்டில் இருக்கும்போது நீதிபதிக்குத் தீர்ப்பு வரைவு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த 2 வருஷமும் மாதா மாதம் அரசே உதவித்தொகை கொடுக்கிறது. கடைசியில் இரண்டாவது அரசுத் தேர்வு.

காத்திருப்பையும் சேர்த்தால் மொத்தம் 7 முதல் 8 வருஷம். ஆனால் இதை முடித்தவர் வக்கீலாக மட்டுமல்ல, நீதிபதியாகவும் அரசு வழக்கறிஞராகவும் ஆகத் தகுதி பெற்றுவிடுகிறார். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. அதனால் கோர்ட்டில் எதிரெதிரே உட்காருபவர்களுக்கு அடுத்தவர் வேலை என்ன என்பது செய்து பார்த்தே தெரியும்.

ஜப்பான், கொரியா: அஞ்சு சான்ஸ்தான்!

'எக்ஸ்ட்ரார்டினரி அட்டர்னி வூ' பார்த்த கே-டிராமா ரசிகர்களுக்கு தென் கொரிய கோர்ட் பழக்கமான இடம். அந்த வூ யங்-வூ மாதிரி ஆக அங்கே 4 வருஷம் டிகிரி, 3 வருஷம் லா ஸ்கூல், பிறகு பார் தேர்வு. பாஸ் ஆனாலும் தனியாக கேஸ் எடுக்க 6 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். நாடு முழுக்க 25 லா ஸ்கூல்கள்தான். வருஷத்துக்கு மொத்தம் 2,000 இடங்கள்.

இந்த முறை வந்தது 2009-ல். அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரே தேசியத் தேர்வு இருந்தது. அதற்காக சியோலின் சில்லிம் பகுதியில் புறாக்கூண்டு மாதிரி அறைகளில் வருஷக்கணக்கில் தங்கிப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில். நம்ம ஊர் டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. அறைத் தோழர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதே காட்சி. வணிகப் பள்ளிப் படிப்போடு நிறுத்திய ரோ மூ-ஹியுன் அந்தத் தேர்வை 1975-ல் பாஸ் செய்துதான் சட்டத்துறைக்கு வந்தார். 2003-ல் நாட்டின் அதிபர் ஆனார். 2013-ல் வந்த 'தி அட்டர்னி' படத்துக்கு அவருடைய வக்கீல் வாழ்க்கைதான் தூண்டுதல்.

அந்தப் பழைய தேர்வு 2017-ல் நிறுத்தப்பட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. காசு இல்லாதவன் மேலே ஏறிவர இருந்த ஏணியை எடுத்துட்டாங்க என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். வருஷக்கணக்கில் இளமையைத் தின்ற சூதாட்டம் முடிந்தது என்பது ஆதரித்தவர்களின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. புதிய முறையில் லா ஸ்கூல் முடித்து 5 வருடங்களுக்குள் 5 முறைதான் தேர்வு எழுத முடியும். அதற்கு மேல் வாய்ப்பே கிடையாது.

ஜப்பானிலும் அதே 5 வருஷம், 5 சான்ஸ் விதி. 4 வருட டிகிரி, 2 வருட லா ஸ்கூல், பார் தேர்வு, பிறகு 1 வருட அரசுப் பயிற்சி என்று 7 வருஷம். சட்டம் படிக்காமல் வேறு டிகிரி முடித்தவர்களுக்கு லா ஸ்கூல் 3 வருஷம். டிகிரியை 3 வருடத்தில் முடிக்கும் வேக ரூட்டும் சமீபத்தில் வந்திருக்கிறது. லா ஸ்கூல் செலவு தாங்காதவர்கள் தனியாக ஒரு முன்தேர்வு எழுதி நேராக பார் தேர்வுக்குப் போகலாம். ஆனால் அந்த முன்தேர்வில் 100 பேர் எழுதினால் ஒற்றை இலக்கத்தில்தான் தேறுவார்கள்.

ஜப்பானின் அந்த 1 வருடப் பயிற்சியில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு கதை இருக்கிறது. முன்பு பயிற்சிக் காலத்தில் அரசு சம்பளம் கொடுத்தது. 2011-ல் அதை நிறுத்தி, 'கடனாகத் தருகிறோம், பிறகு திருப்பிக் கட்டுங்கள்' என்றது. இளம் வக்கீல்கள் கடனோடு தொழிலுக்கு வர ஆரம்பித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. 2017-ல் மறுபடி உதவித்தொகை வந்தது. அடிப்படைத் தொகை மாதம் 1,35,000 யென்.

பக்கத்து வீடுகளில்?

இலங்கையில், 1874-ல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரிதான் சட்டத்தரணி ஆவதற்கான வாசல். நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தால் 3 வருடப் படிப்பு, 6 மாதப் பயிற்சி, பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். நம்ம ஊர் உச்ச நீதிமன்றத்தைத்தான் அங்கே உயர் நீதிமன்றம் என்பார்கள். பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. முடித்தவர்களும் இந்தக் கல்லூரியின் தேர்வுகளைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே வருஷங்களைவிட சூடான விவாதம் மொழி பற்றியது. தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வழிசெய்த விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்து வந்த கிராமத்து மாணவர்களுக்கு அது எத்தனை வருஷத்தைக் கூட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் 4 வருடப் பட்டம், பார் தேர்வுக்கான சில மாதப் படிப்பு, அதோடு பயிற்சி. அந்தப் பயிற்சிக் காலத்தை 6 மாதத்திலிருந்து 1 வருடமாக 2024 முதல் நீட்டிவிட்டார்கள். மலேசியாவில் பட்டத்துக்குப் பிறகு 9 மாத 'சேம்பரிங்'. வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டு வந்தவர்கள் சி.எல்.பி. என்ற தேர்வையும் தாண்ட வேண்டும்.

ஒரே பார்வையில்...

பள்ளிப் படிப்பு முடித்த நாளிலிருந்து, முதல் முயற்சியிலேயே எல்லாம் பாஸ் ஆனால், தோராயமாக:

* இந்தியா: 5 – 6 வருஷம்
* இங்கிலாந்து: 5 – 6 வருஷம்
* சிங்கப்பூர்: ஏறத்தாழ 6 வருஷம்
* ஆஸ்திரேலியா: 4 – 5 வருஷப் படிப்பு, கூடவே ஏறத்தாழ 6 மாதத் தொழிற்பயிற்சி
* ஜப்பான்: 6 – 7 வருஷம்
* அமெரிக்கா: 7 வருஷம், பார் தேர்வு தனி
* தென் கொரியா: ஏழரை வருஷம்
* கனடா: ஏறத்தாழ 8 வருஷம்
* ஜெர்மனி: 7 – 8 வருஷம்

லிஸ்ட்டைப் பார்த்தால் நாமதான் லக்கி என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

கணக்கில் வராத வருஷங்கள்

இந்த லிஸ்ட்டில் இருக்கும் மற்ற நாடுகளை மறுபடி பாருங்கள். இங்கிலாந்தில் 2 வருட வேலை அனுபவம். ஜெர்மனியில் 2 வருஷம். ஜப்பானில் 1 வருஷம். கொரியாவில் 6 மாதம். அமெரிக்காவைத் தவிர ஏறத்தாழ எல்லா இடத்திலும் 'தொழில் கற்றுக்கொள்ளும் காலம்' அந்த எண்ணிக்கைக்கு உள்ளேயே இருக்கிறது. இந்தியாவின் 5-ல் அது இல்லை.

முன்பு இருந்தது. 1961-ம் ஆண்டு சட்டத்தில் பட்டத்துக்குப் பிறகு பயிற்சியும் தேர்வும் கட்டாயம். 1973-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 1995-ல் இந்திய பார் கவுன்சில் 1 வருடப் பயிற்சியை மறுபடி கொண்டுவந்தது. அப்படி விதி போட பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2010-ல் ஏ.ஐ.பி.இ. தேர்வு முறை வந்தது. அது செல்லும் என்று 2023-ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் தேர்வு வந்ததே தவிர, பயிற்சி வரவில்லை.

அதற்காக யாரும் பயிற்சி இல்லாமல் வக்கீல் ஆவதில்லை. அந்தப் பயிற்சியின் பெயர்தான் 'ஜூனியர்'.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்பு செட்டித் தெருவிலோ, லிங்கி செட்டித் தெருவிலோ ஒரு காலை நேரத்தில் நடந்து பாருங்கள். கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஓடும் இளம் வக்கீல்களைப் பார்க்கலாம். சீனியருக்கு முன்னால் கோர்ட் ஹாலுக்குப் போய் வழக்கு எத்தனையாவது நம்பர் என்று பார்ப்பது, வாய்தா வாங்குவது, மனு ரெடி பண்ணுவது, செக்‌ஷனில் போய் குறைகளைச் சரிசெய்து நம்பர் வாங்குவது, சாயங்காலம் ஆபீஸில் அடுத்த நாள் கேஸுக்குத் தீர்ப்புகளைத் தேடுவது. வக்கீல் தொழில் உண்மையில் கற்றுக்கொள்ளப்படும் இடம் இதுதான். காந்திக்கு வாய் எழாமல் போனதற்கு மருந்தும் இதுதான்.

ஆனால் இதற்குக் காலக்கெடு கிடையாது. சம்பளம் என்று ஒன்று கட்டாயமும் கிடையாது. நல்ல சீனியர் அமைந்தால் மாதம் ஒரு தொகை வரும், கூடவே கட்சிக்காரர் கொடுக்கும் பேட்டா. அமையாவிட்டால் பஸ் காசும் மதிய சாப்பாடும்தான். அப்பா வக்கீலாக இருந்தால், சொந்த ஆபீஸ் இருந்தால், இந்தக் காலம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்கு ஒரே நம்பிக்கையாக, முதல் தலைமுறையாகச் சட்டம் படித்துவிட்டு திருவண்ணாமலையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ சென்னைக்கு வந்து ரூம் எடுத்தவருக்கு, ஒவ்வொரு மாதமும் ஒரு தேர்வு. அந்தத் தேர்வில் தோற்று, வங்கி வேலைக்கோ வேறு கம்பெனிக்கோ போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சட்ட அறிவு குறைவாக இருந்திருக்காது. கையிருப்புதான் குறைவு.

இந்த நிலைமையை நீதிமன்றமும் பார்க்காமல் இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை தரும்படி சுற்றறிக்கை அனுப்ப பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று பரிந்துரை வெளியிட்டது. பரிந்துரை என்பதைக் கவனியுங்கள். கொடுக்காத சீனியரை ஜூனியர் போய்க் கேட்க முடியுமா என்பதும், சின்ன ஊரில் தானே திண்டாடும் சீனியர் எங்கிருந்து கொடுப்பார் என்பதும் நியாயமான கேள்விகள். ஜெர்மனியும் ஜப்பானும் அந்தத் தொகையை அரசின் கையிலிருந்து கொடுப்பதன் அர்த்தம் இங்கேதான் புரியும்.

நீதிபதி ஆக ஆசைப்படுபவர்களுக்கும் இந்த வருஷங்கள் இப்போது கட்டாயமாகிவிட்டன. சிவில் நீதிபதி தேர்வு எழுத குறைந்தது 3 வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோர்ட் அனுபவம் இல்லாதவர் தீர்ப்பு சொல்வது சரியல்ல என்பது நியாயமான காரணம். ஆனால் வருமானம் இல்லாமல் அந்த 3 வருடத்தைத் தாக்குப்பிடிக்க யாரால் முடியும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

லா சேரப் போறீங்களா? இதையும் யோசிங்க!

கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பட்ஜெட் போடாதீங்க. பட்டம் வாங்கிய பிறகு 2, 3 வருடத்துக்கான தங்கும் செலவையும் இப்போதே குடும்பத்தோடு பேசிவிடுங்கள். 'அஞ்சு வருஷம் முடிச்சா சம்பாதிச்சிடுவான்' என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தால், 6-ம் வருஷம்தான் சண்டை வரும்.

படிக்கும்போதே இன்டர்ன்ஷிப்பை சீரியஸாக எடுத்துக்கோங்க. சர்டிஃபிகேட்டுக்காக 10 இடம் போவதைவிட, ஒரே சீனியரிடம் இரண்டு மூன்று விடுமுறைகள் தொடர்ந்து போனால், ஜூனியராகச் சேரும்போது உங்களுக்குப் பாதித் தொழில் தெரிந்திருக்கும். ஜூனியராகச் சேரும் முன் "மாசம் எவ்வளவு சார் தருவீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இன்று அதற்கு உயர் நீதிமன்ற உத்தரவே துணை இருக்கிறது.

வெளிநாட்டுக் கனவு இருந்தால், எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறோம் என்பதை முதலில் முடிவு பண்ணுங்க. இங்கிலாந்தில் 3 வருட எல்.எல்.பி. முடித்துவிட்டு சென்னை வந்து நேராகப் பதிவு செய்ய முடியாது. பார் கவுன்சில் அங்கீகரித்த பல்கலைக்கழகமா என்று பார்க்க வேண்டும், தகுதித் தேர்வும் எழுத வேண்டும். மாறாக, இந்தியாவில் வக்கீலாகப் பதிவு செய்துவிட்டுப் போனால் சில கதவுகள் எளிதாகத் திறக்கும். இங்கிலாந்தில் அந்த 2 வருட வேலை அனுபவத்தைக் கேட்காமலே எஸ்.க்யூ.இ. எழுத விடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் நேராக பார் தேர்வு எழுதலாம். நியூயார்க் என்றால் 1 வருட எல்.எல்.எம். முடித்துவிட்டு எழுதுவதுதான் நம்மவர்கள் பெரும்பாலும் எடுக்கும் வழி. கனடாவில் முதலில் உங்கள் படிப்பை மதிப்பிட்டு, எந்தப் பாடங்களில் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்வார்கள்.

அடுத்த தடவை சொந்தக்காரர் "எத்தனை வருஷம்?" என்று கேட்டால், "படிப்பு அஞ்சு வருஷம், தொழில் கத்துக்க இன்னும் மூணு வருஷம். அந்த மூணு வருஷத்துக்கு ரூம் வாடகை நீங்க தர்றீங்களா மாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெருமூச்சு விட்டவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்!